காப்புக் கட்டிய எண்ணெய் ஆபீசர்

எண்ணெய்க் கம்பெனியில்தான் என் ஆயுளின் பெரும்பகுதி போயிற்று. ஆனால் என் சட்டையில் பட்ட எண்ணெயெல்லாம் வடையிலிருந்து வந்ததுதான். கச்சா எண்ணெயை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், அதுவும் மேலாளரின் மேசைமேல், தொடக்கூடாத பிள்ளையார் மாதிரி வைத்திருந்தபோது பார்த்ததோடு சரி. ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, 'எண்ணெய்த் துறையின் தூண்' என்று மேடையில் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "எந்தத் தூணச் சொன்னாக? நீங்க நெலத்துக்காரககிட்டப் பேசுற ஆளுதான?" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி.

நிலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், 'அனுபவத்தை எழுதுங்கள் சார்' என்று விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். வெற்றிக் கதைகளை உங்கள் மேலாளர்கள் சொல்வார்கள். அவர்களிடம் திரையில் படம் போட்டுக் காட்டும் வசதியெல்லாம் உண்டு. என்னிடம் இருப்பது ஒரு திருவிழாக் கதை. அதில் எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது, என் கோமாளித்தனம் நிறைய உண்டு.

குஜராத்தில் அங்கலேஷ்வர் பக்கம், அசாமில், கோதாவரிக் கரையில், நம் நாகப்பட்டினம் பக்கம் என்று எண்ணெய் எடுக்கும் ஊர்களில் மாறி மாறிக் குப்பை கொட்டியிருக்கிறேன். மொழிதான் வேறே தவிர எல்லா ஊரிலும் கதை ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் சர்வேக்காரர்களின் ஜீப் வரும். மறுநாளே அதன் பின்னால் ஒரு டீக்கடை வரும். அப்புறம் பஞ்சர் கடை, மெஸ், கடன் வாங்கிக் கார் எடுத்துக் கம்பெனிக்கு வாடகைக்கு விடக் கிளம்புகிறவர்கள், மாட்டுக் கொட்டகையை வெள்ளையடித்து 'ரூம் வாடகைக்கு' என்று எழுதிப் போடுகிறவர்கள். பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று நம் நிபுணர்களுக்கே தெரிவதற்குள் பூமிக்கு மேலே ஒரு சந்தை கூடிவிடும். எண்ணெய் கிடைத்துவிட்டால் சந்தை நிலைத்துவிடும். நல்ல உத்தியோகமெல்லாம் வெளியூர்ப் படிப்பாளிகளுக்குப் போனாலும், வண்டி ஓட்டுவது, சமைப்பது, காவல் காப்பது என்று உள்ளூர்க்காரர்களுக்கும் ஏதோ ஓடும். கிடைக்காத ஊரில், ரிக்கை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, பஞ்சர் கடைக்காரர் தன் சொந்த சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரிக் என்பது துளை போடும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரம். அது வந்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும்.

இப்படிப்பட்ட ஊர்களில் நாம் என்ன பேச வேண்டும் என்பதை அசாமில் என் முதல் மேலதிகாரி எனக்குக் கற்றுக்கொடுத்தார். "எண்ணெய் வரும் என்று சொல்லாதே. வராது என்றும் சொல்லாதே. வாய்ப்பிருக்கிறது என்று சொல். அந்த ஒரு வார்த்தையில் பென்ஷன் வரைக்கும் ஓட்டிவிடலாம்." மகானுபாவர், அவர் அப்படித்தான் ஓட்டினார். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கூட்டத்தில் விவசாயி ஒருவர் எழுந்து, 'நிலத்தடித் தண்ணி கெட்டுப்போகுமா?' என்று கேட்டார். பழக்க தோஷத்தில் என் வாய் 'வாய்ப்பிரு...' என்று ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என் காலை மிதித்த மிதியில் பெருவிரல் நகம் கறுத்துப்போயிற்று.

ஓய்வுக்கு முந்தைய கடைசிப் பதவியாக என்னைக் காரைக்குடிக்குப் போட்டார்கள். நான் பிறந்தது பக்கத்திலே தேவகோட்டை. எண்ணெய் தேடி இந்தியாவெல்லாம் சுற்றியவன் கடைசியில் சொந்த மாவட்டத்துக்கே அதிகாரியாக வந்தால் தலைக்கனம் வருமா, வராதா? எனக்கு வந்தது. நாங்கள் ஆபீசுக்கு வாடகைக்குப் பிடித்திருந்த செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நிற்கும்போது ஏதோ நானே பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு மாதிரி இடுப்பில் கைவைத்து நிற்பேன். காவலாளிகூடச் சிரித்திருப்பார்.

கிணறு தோண்டிய இடம் தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தின் எல்லைக் கல்லுக்குச் சற்று வெளியே. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். ரிக் வந்து இறங்கியதும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், ரிக்குக்குப் போகும் பாதையில், செல்லத்தாயி என்பவள் தகரக் கொட்டகை போட்டு ஒரு மெஸ் ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் குவைத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் சாரம் கட்டும் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிற கணவன்.

அவள் மெஸ்ஸின் உளுந்து வடைக்கு நான் அடிமை. மதியம் ரிக்கைப் பார்க்கப் போகிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ரிக்கை ஜீப்பிலிருந்தே பார்த்துவிட்டு மெஸ்ஸில் இறங்கிவிடுவேன். தட்டில் வடையை வைத்தபடி அவள் கேட்பாள்.

"அண்ணே, எண்ணெய் வந்துருமா?"

"வாய்ப்பிருக்கும்மா."

"அப்ப ஆளுக நெறைய வருவாகளா?"

"வந்தா ஊரே மாறிப்போகும். இந்தக் கொட்டகையெல்லாம் பத்தாது. பெருசாப் போடணும்."

கவனியுங்கள், நான் பொய் எதுவும் சொல்லவில்லை. வந்தால் ஊர் மாறும், அது உண்மைதானே? இப்படித்தான் நாம் பேசுவோம். ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நின்றால் சத்தியவந்தன். எல்லாம் சேர்ந்து நின்றால் களவாணிக் கூட்டம். வடை சூடாக இருந்தது, பேச்சும் சூடாக வந்தது. ஒரு நாள் அவள், "எண்ணெய் இருக்குற ஊருக்கு எங்க வீட்டுக்காரரு போனாரு. இப்ப எண்ணெய் நம்ம ஊருக்கே வருது. இனி அவரு எதுக்கு அங்குட்டுக் கெடக்கணும்?" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொரு வடை கேட்டேன்.

பங்குனியில் அந்த ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. எங்கள் லாரிகள் ஊர்ச் சாலையில்தான் போக வேண்டும். முளைப்பாரி ஊர்வலத்துக்கும் சிமெண்டு லாரிக்கும் மோதல் வந்துவிடக் கூடாதே என்று பேசி முடிக்க நான் போனேன். ஊர்த் தலைவரான அம்பலகாரர் பெரிய மீசைக்காரர், ஆனால் சாந்தமான மனிதர்.

"லாரி போகட்டும் ஆபீசரய்யா. முளைப்பாரி தூக்குற நேரத்துல மட்டும் நிப்பாட்டிருங்க, அம்புட்டுத்தான்" என்றார்.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எழுந்தேன். அப்போது அவர் கேட்டார்: "நம்ம பக்கத்து ஆளு நீங்க. கம்பெனி சார்பா இந்த வருசம் ஒரு காப்புக் கட்டிக்கிறீகளா?"

காப்பு என்றால் மஞ்சள் துண்டு கோத்த கயிறு. திருவிழா தொடங்கும் நாளில் அம்மனுக்குக் கட்டிவிட்டு, அப்புறம் பூசாரிக்கும் விரதக்காரர்களுக்கும் கட்டுவார்கள். கட்டியவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பது தேவகோட்டையில் பிறந்த எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் அதெல்லாம் மற்றவர்களுக்கு, அதிகாரிக்கு விலக்கு இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆயுள் முழுக்கக் கம்பெனி ஜீப்பில் போனால் புத்தி அப்படித்தான் போகும்.

சரி என்றேன். காப்புக் கட்டும் நாளில் மேளம் அடித்தார்கள். தலையில் பரிவட்டம் கட்டினார்கள். கையில் காப்பு ஏறியது. டிரைவரைப் படம் எடுக்கச் சொல்லி, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் 'மக்களோடு நாம்' என்று எழுதிப் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. அதை எண்ணிக்கொண்டிருந்தபோது அம்பலகாரர் பக்கத்தில் வந்து விதிகளைச் சொன்னார்.

"எட்டு நாளைக்கு எல்லைக் கல்லத் தாண்டக் கூடாதுங்கய்யா. செருப்பு ஆகாது. கோயில் கொட்டகையிலதான் படுக்கணும். தாளிச்சது, பொரிச்சது தொடக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. பொய் பேசக் கூடாது."

"இதெல்லாம் கட்டுறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதாய்யா?"

"தேவகோட்டக்காரரு, தெரிஞ்சிருக்கும்னுல நெனச்சோம்."

நாம் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போடும் நிபந்தனைகளைக் கையெழுத்து வாங்கிய பிறகு விளக்குவோமே, அதை எனக்கே திருப்பிச் செய்துவிட்டார்கள் என்று தோன்றியது. ஆனால் அவர் முகத்தில் கள்ளம் இல்லை. செருப்பில்லாமல் இருந்துவிடலாம். தாளிக்காத குழம்பையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிடலாம். கடைசியாகச் சொன்னாரே, அதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் காலை மேலாளர் போனில் கூப்பிட்டார். சென்னையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், உடனே காரைக்குடி ஆபீசுக்கு வா என்றார். சாமி விஷயத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னேன். குனிந்து, பின் சீட்டில் ஏறக்குறையப் படுத்துக்கொண்டு போனேன். எல்லைக் கல் வந்தது. அந்தப் பக்கம் மெஸ் வாசலில் நின்ற செல்லத்தாயி ஜீப்பைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே! எங்குட்டுப் போறீக? காப்போட தாண்டாதீக, ஊருக்கு ஆகாது!"

அவள் போட்ட சத்தத்தில் வயலில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். யாரும் அடிக்க வரவில்லை, திட்டவுமில்லை. ஒரு கிழவர் மட்டும் கைகூப்பி, "சின்னஞ்சிறுசுக இருக்குற ஊருங்கய்யா" என்றார். இனி இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும், மழை பொய்த்தாலும், கோழி செத்தாலும் என் பெயர்தான் வரும் என்று புரிந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஆப்பு அசைத்த குரங்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது.

சென்னைப் பெரியவர்களின் கூட்டத்தில் நான் கோயில் கொட்டகையிலிருந்து செல்போன் வீடியோ வழியாகக் கலந்துகொண்டேன். "பின்னால் என்ன சத்தம்?" என்று சென்னைக்காரர் கேட்டார். "கும்மி சார்" என்றேன். "நீங்கள் ஏன் பரிவட்டத்தோடு இருக்கிறீர்கள்?" அவிழ்க்க மறந்துவிட்டேன்.

நாட்கள் நகர்ந்தன. காலையில் கூழ், மதியம் உப்புச் சப்பில்லாத குழம்பு. காற்று மெஸ் பக்கமிருந்து வீசினால் எல்லைக்கு அப்பாலிருந்து வடை வாசனை வரும். ஊருக்குள்தான் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. மெஸ் எல்லைக்கு வெளியே இருந்ததால் அதற்குத் தடை இல்லை. நான் கொட்டகையில் உட்கார்ந்து மூக்கால் சாப்பிட்டேன். அம்பலகாரர் என்னைப் பார்த்து, "வெரதம்னா இப்புடித்தான் முகம் வாடணும்" என்று மெச்சினார்.

கொட்டகையில் கிடந்ததில் ஒரு விஷயம் நடந்தது. ஊர் பேசுவதை நான் முதல் தடவையாகக் காதால் கேட்டேன். அதுவரை நான் பேச, ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. முளைப்பாரிப் பெண்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான் செய்தி தெரிந்தது. செல்லத்தாயி தன் பங்குக்கு வந்த ஒரே துண்டு நஞ்சையைக் கொழுந்தனுக்கு விற்கப் போகிறாள். மெஸ் பக்கத்தில் வரிசையாக அறைகள் கட்டி, ரிக் ஆட்களுக்கு வாடகைக்கு விடப் போகிறாள். காப்பு அவிழ்க்கிற அன்று மதியம் பத்திரம். கணவனையும் குவைத் வேலையைப் புதுப்பிக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். 'ஆபீசரு அண்ணனே பெருசாப் போடச் சொன்னாரு' என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். நான் கூழைக் கீழே வைத்துவிட்டேன்.

இருந்தாலும் மனசு என்ன செய்தது தெரியுமா? எண்ணெய் வந்தாலும் வந்துவிடுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. அம்மனிடம் அதையே வேண்டிக்கொண்டேன். ஊருக்காக என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் என் வாயைக் காப்பாற்றத்தான்.

திருவிழா முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கிணற்றுக்குள் கருவி இறக்கி லாக் எடுத்துப் பார்த்தாச்சு. டிரை. எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை. அடுத்த வாரம் ரிக்கைக் கழற்றுகிறோம். சென்னையிலிருந்து அறிவிப்பு வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே. யாராவது கேட்டால் வழக்கமாகச் சொல்வதையே சொல்லு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிணற்றின் முடிவு கம்பெனி ரகசியம். பங்குச் சந்தை, அரசாங்கம் என்று மேலே ஆயிரம் இருக்கிறது. நீங்களும் அதற்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். மஞ்சள் துண்டு வேர்வையில் ஊறி மணத்தது. ஓடிப்போக எல்லை விடாது, பொய் சொல்லக் காப்பு விடாது, உண்மை சொல்லக் கம்பெனி விடாது. சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லாதவன்தான் நான். ஆனால் கோயில் கொட்டகையில் படுத்து, ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு, அந்தக் கயிற்றை வெறும் கயிறு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை பால்குடம் எடுத்து முடித்து, ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். செல்லத்தாயி ஈரப் புடவையோடு, ஒரு செம்பில் நீர்மோர் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அம்பலகாரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"குடிங்கண்ணே. ஒண்ணு கேக்கணும்."

நான் குடித்தேன். மெதுவாகக் குடித்தேன். செம்பில் அடி தெரிந்த பிறகும் சற்று நேரம் குடித்தேன்.

"நாளைக்கு மத்தியானம் பத்திரம் எழுதுறேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒங்க வாயால ஒரு வார்த்த கேட்டுக்கிறணும். எண்ணெய் வந்துருமாண்ணே?"

"அதெல்லாம் சென்னையில சொல்லணும்மா" என்றேன்.

"நான் சென்னையக் கேக்கல. ஒங்களத்தான கேக்குறேன்."

"அதப் பத்திப் பேச எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அதுவரை 'வாய்ப்பிருக்கு' என்று கேட்டே பழகியவள் அவள். அந்தச் சொல் வரவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள். என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கொடிமரத்தைப் பார்த்தேன். மேளக்காரர் யாராவது இந்த நேரம் பார்த்து அடிக்கக் கூடாதா என்று ஏங்கினேன். ஒருத்தரும் அடிக்கவில்லை.

"சரி, கம்பெனிய விடுங்க. எண்ணெயையும் விடுங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நான் ஒங்க கூடப் பெறந்தவளா இருந்தா, அந்த நெலத்த விக்கச் சொல்லுவீகளா?"

இத்தனை வருடப் பணியில் எத்தனையோ கேள்விகளுக்கு வழுக்கி வெளியே வந்திருக்கிறேன். கலெக்டர் கேட்டிருக்கிறார், வக்கீல் கேட்டிருக்கிறார், தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை மூக்கில் இடித்துக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை.

"விக்காதம்மா" என்றேன்.

அவள் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அம்பலகாரர் மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

கிராமத்தில் செய்தி பரவ அறிவிப்பு எதற்கு? செல்லத்தாயி பத்திரத்தை நிறுத்திவிட்டாள் என்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கம்பெனிக்கு வாடகைக்கு விட இரண்டாவது கார் எடுக்க இருந்த ஊர்க்காரர் ஒருவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கத் தேவகோட்டைக்கு ஓடினார். வெள்ளையடித்த கொட்டகைக்குள் மாடு திரும்பி வந்தது. சாயங்காலம் மேலாளர் போனில் கத்தினார்.

"எண்ணெய் இல்லைன்னு யார்கிட்டச் சொன்னே?"

"எண்ணெயைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை சார். நிலத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்."

"வெளையாடாதய்யா! உண்மையைச் சொல்லு!"

"உண்மையைத்தான் சார் சொல்கிறேன். காப்புக் கட்டியிருக்கிறேன்."

"என்றைக்கு அந்த எல்லையைத் தாண்டுகிறாயோ, அன்றைக்கு நேராக என் அறைக்கு வா" என்று சொல்லி வைத்துவிட்டார். போனேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசி மாதங்களில் என்னை எந்த ஊருக்கும் அனுப்பவில்லை, ஆபீசில் நாற்காலியைத் தேய்க்க வைத்தார்கள். நான் செய்தது சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரகசியம் காப்பதும் நம் வேலைதான். ஆனால் முடிவு தெரிந்த அன்று வாயை மூடுவது பெரிய காரியமில்லை, பிள்ளைகளே. ஒன்றும் தெரியாத நாட்களில், சூடான வடையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஆசையோடு கேட்கும்போது மூட வேண்டும். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

மேலாளர் போனில் கத்தியதற்கு மறுநாள் காலை, காப்பு அவிழ்க்கும் நேரம். பூசாரி எங்களை வரிசையாக உட்கார வைத்து, முதலாமவர் கையை எடுத்துக்கொண்டார். நான் வரிசையின் கடைசியில் இருந்தேன். செல்லத்தாயி வந்து எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நெலம் நின்னுருச்சுண்ணே" என்றாள். "கொழுந்தனுக்குத்தான் மனத்தாங்கல். அது சரியாப்போகும். நாத்து விட்டுக்கிறலாம்."

"நல்லதும்மா."

"எங்க வீட்டுக்காரருகிட்டயும் ராத்திரி பேசிட்டேன். இன்னும் ரெண்டு வருசம் அங்குட்டே இருங்கன்னு சொல்லிட்டேன். பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தாராம்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம். பூசாரி வர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. கையில இந்தக் கயிறு இல்லாட்டி, நேத்து என்னைய விக்கச் சொல்லித்தான விட்டிருப்பீக?"

பூசாரி எனக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தார். கொஞ்சம் பொறுத்திருந்தால் என் கயிறும் அவிழ்ந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றேன்.